அண்டாவுக்கு ஒரு மாப்பிள்ளை வேட்டி

கையில் உயிருள்ள எதையாவது வைத்துக்கொண்டு மலைப் பேருந்தில் தூங்கக் கூடாது. குழந்தையோ ஆட்டுக்குட்டியோ வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுகளே தூங்க விடாது. என் மடியில் இருந்தது சத்தமே போடாத உயிர். அதனால்தான் தூங்கிவிட்டேன். (இந்தக் காரணத்தை இதுவரை யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.)

எண்பதுகளின் தொடக்கம் அது. வேளாண்மை படித்து முடித்துவிட்டு, சமவெளியில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் ஒடுகத்தூர். வீட்டில் கடலை விவசாயம். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் ஜவ்வாது மலை நீலமாக நிற்கும். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குவேன்; விளக்கி முடிக்கும்போது காப்பி ஆறியிருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி ஓர் ஆள் நான். எதையாவது பார்த்தால் அதற்குள் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் இங்கே ஏதாவது கெட்டுப் போயிருக்கும்.

பண்ணையில் என்னை ஆட்கொண்டது ஒரு பூஞ்சாணம். ட்ரைகோடெர்மா என்று பெயர். மழைக்காலத்தில் பழைய செருப்பின்மேல் பூக்கிறதே, அந்த வகையறாதான். ஆனால் இது நல்ல குடும்பத்துப் பூஞ்சாணம். முதலில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படரும். பிறகு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் குப்பி முழுவதும் பச்சை பூத்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் புல்வெளியில் ஒரு பச்சை தெரியுமே, அந்தப் பச்சை. நுண்ணோக்கியில் வைத்தால் கிளை கிளையாகப் பிரிந்து, நுனியில் எல்லாம் பச்சை மணி கோத்த மரங்கள். மதியம் பூராவும் அந்தக் காட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். யாராவது தோளைத் தட்டி, "தணிகாசலம், லைட்டை அணைக்கணும்" என்பார்கள்.

எங்கள் துறைப் பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றே சொல்வோம். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் மெதுவாகப் பேசப் பேச நமக்குத்தான் வியர்க்கும். கத்தரி இலையில் புள்ளி விழுகிற நோய்க்கு இந்தப் பூஞ்சாணத்தைத் தெளித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இலைப்புள்ளி வருவது ஒரு கெட்ட பூஞ்சாணத்தால். நல்லதை முன்னாலேயே இலையில் குடியேற்றிவிட்டால், கெட்டது வந்து இறங்க இடம் இருக்காது. மீறி இறங்கினால் நல்லது அதைச் சுற்றி வளைத்துத் தின்றுவிடும். ஜவ்வாது மலையில் மங்கம்மா என்பவருடைய கத்தரித் தோட்டத்தை மேடமே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்திருந்தார். பாதி வரிசைக்குத் தெளிக்க வேண்டும், மீதி வரிசையைத் தொடக்கூடாது. பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். தெளிக்கிற வேலை எனக்கு. மறுநாள் மேடம் ஜீப்பில் வந்து பார்ப்பார்.

"இதை ஒழுங்கா செஞ்சுட்டு வாங்க. உங்க வேலையை நீட்டிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். வழக்கம்போல மெதுவாக. எனக்கு வியர்த்தது.

சோளத்தை வேகவைத்து, அதில் பூஞ்சாணத்தை வளர்த்து, நிழலில் உலர்த்தி, இடித்துத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மூச்சு முட்டுமாம். நான் இன்னும் ஒரு படி மேலே போய், பையின் வாயைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன், அது நன்றாகவே மூச்சு விடட்டும் என்று.

போளூரில் ஜமுனாமரத்தூர் பேருந்து பிடித்தேன். கார்த்திகை மாதம். எனக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் ஒரே கல்யாணக் கூட்டம். ஜவுளி எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்புகிறார்கள். எனக்கு அடுத்த இருக்கையில் மாப்பிள்ளைப் பையன், புது வேட்டி புதுச் சட்டையில், கடையிலேயே உடுத்திக்கொண்டு வந்துவிட்டவன். அவனுக்கு அந்தப் பக்கம் ஜவுளி மூட்டையைப் பிரித்துப் புடவைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள். மாப்பிள்ளையின் மடியில், காலைக் கட்டிய ஒரு சேவல். அது என் பையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அழகை ரசிக்கத் தெரிந்த சேவல் என்று நினைத்துக்கொண்டேன்.

பேருந்து மலையேறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கீழே கீழே போகிற பச்சை. ஈரக்காற்று. ஒடுகத்தூர் வாசலிலிருந்து பார்த்த அந்த நீலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. உள்ளே போனதும் நீலம் காணாமல் போய்விட்டதே, எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையின் நடுவில் எங்கோ கண் மூடிவிட்டது.

கனவில் எனக்கு ஒரு விழா எடுத்தார்கள். உலகத்துக் கத்தரிச் செடிகள் எல்லாம் வரிசையாக நின்றன, ஒரு புள்ளி இல்லாமல். மேடம் முதன்முறையாகச் சத்தமாக என் பெயரைச் சொன்னார். மேலேயிருந்து பூமாரி பொழிந்தது. பச்சைப் பூ. மெல்ல மெல்ல, எடையே இல்லாமல், வெயிலில் மினுங்கி இறங்கியது. நான் முகத்தை நிமிர்த்தி அதை வாங்கிக்கொண்டேன். அப்போது யாரோ தும்மினார்கள்.

கண்ணைத் திறந்தேன். பூ இன்னும் பொழிந்துகொண்டிருந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் கோத்துப் பார்த்தேன். சேவல் ரசிகன் அல்ல. அதற்குத் தேவைப்பட்டது உள்ளே இருந்த சோளக் குருணை. பொறுமையாகக் கொத்திக் கொத்திப் பையில் ஓட்டை போட்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் பிரேக் போட, பை என் மடியிலிருந்து எகிறி முன்சீட்டுக் கம்பியில் மோதி வாய் திறந்துவிட்டது. ஜன்னல் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. சாய்ந்த வெயில் பேருந்துக்குள் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. ஒவ்வொரு பட்டையிலும் பச்சைத் தூசி சுழன்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை தலை முதல் கால் வரை பச்சை. புருவம் பச்சை. புடவைகள் பச்சை. கண்டக்டரின் மீசை பச்சை. பேருந்தே ஒன்று சேர்ந்து தும்மியது.

"யோவ், இன்னாய்யா இது?" என்றார் கண்டக்டர்.

"மருந்துங்க" என்றேன்.

வாழ்க்கையில் நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைகளில் அதற்குத்தான் முதலிடம். மருந்து என்றால் வயலுக்கு அடிக்கிற மருந்து. வயலுக்கு அடிக்கிற மருந்து என்றால் விஷம்.

"ஐயோ, பூச்சி மருந்து!" என்று ஒரு பெண் கத்தினாள். அவ்வளவுதான். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். மீதிப் பேர் ஜன்னல் வழியாக இறங்கினார்கள்.

"விஷம் இல்லீங்க! இது பூஞ்சாணம்!" என்று பின்னாலேயே ஓடினேன்.

"பூஞ்சாணம்னா?"

"பூசணம் பிடிக்கும் பாருங்க, பழைய சோத்துல... அது. உயிரோட இருக்கு."

"இன்னாது, உயிரோட கீதா?" என்று எல்லோரும் இன்னும் வேகமாக உதற ஆரம்பித்தார்கள்.

கண்டக்டர் நியாயமான மனிதர். விஷம் என்றால் வண்டியைப் போளூர் ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் மேலே போகலாம், ஏதாவது ஒன்றை முடிவு பண்ணியாக வேண்டும் என்றார். அப்போது கூட்டத்திலிருந்து உயரமான ஒரு பெண் முன்னால் வந்தாள். கொசுவத்தை இழுத்துச் செருகியிருந்தாள். தலைமுடியில் பச்சை.

"விஷம் இல்லன்னு நீதானே சொல்ற? அப்பன்னா நீ தின்னு காட்டு" என்றாள்.

பையில் ஒட்டியிருந்ததில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விஞ்ஞானத்துக்காக எதுவும் செய்யலாம் என்கிற வயது. மழைக்காலம் முழுக்க மூடிவைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, அதற்கு ஒரு ருசி இருந்தால் இதுதான். விழுங்கினேன்.

"தின்னுட்டான்" என்றாள் அவள். "இன்னும் ஒண்ணும் ஆவலியே?"

"ஒடனே ஆவாதும்மா. பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார் ஓட்டுநர்.

அப்படியாக ஒரு பேருந்துக் கூட்டம் முழுவதும், நான் சாகிறேனா என்று பார்ப்பதற்காக, வளைவின் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்தது. என்னை நடுவில் ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் பீடி பற்ற வைத்தார். பள்ளத்தாக்கிலிருந்து மெதுவாக மூடுபனி ஏறி வந்தது. முதலில் கீழே இருந்த மரங்கள் போயின. பிறகு சாலை போயிற்று. பிறகு பேருந்து பாதி போயிற்று. வெண்மைக்குள் பச்சை முகங்கள் மட்டும் வரிசையாக மிதந்துகொண்டு என்னைப் பார்த்தன. எங்கோ கீழே தண்ணீர் விழுகிற சத்தம்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படித்ததை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ட்ரைகோடெர்மாவை மனிதர் தின்றால் என்னாகும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

மாப்பிள்ளை மெல்ல அருகில் வந்தான். காளியப்பன் என்று பெயர் சொன்னான். கூச்சக்காரன். "ஏதாச்சும் சாப்புடறீங்களா சார்? கடல இருக்குது" என்றான். கடைசி ஆசை மாதிரித்தான் கேட்டான். வாங்கித் தின்றேன். எங்கள் ஊர்க் கடலை மாதிரி இருந்தது. கண் கலங்கியது.

"தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் அந்த உயரமான பெண்.

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சி" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் யாருக்கோ சேவல் ஞாபகம் வந்தது. சேவலும்தானே தின்றிருக்கிறது? அவிழ்த்துச் சுவர்மேல் விட்டார்கள். அத்தனை கண்ணும் என்னை விட்டு அதன்மேல் போயிற்று. சேவல் இரண்டு எட்டு நடந்தது. கழுத்தைச் சாய்த்து மூடுபனியைப் பார்த்தது. இறக்கையை ஒருமுறை அடித்துக்கொண்டு, விடியற்காலையில் கூவுகிற மாதிரி கணீரென்று கூவியது.

கண்டக்டர் உடனே விசில் அடித்தார். எல்லோரும் ஏறினார்கள். வேளாண்மைப் பட்டதாரி தின்று காட்டியதற்கு இல்லாத மதிப்பு!

வண்டி நகர்ந்ததும் உயரமான பெண் கேட்டாள். "ஆமா, நீ யார் வூட்டுக்குப் போற?"

"மங்கம்மான்னு ஒருத்தங்க. கத்தரித் தோட்டம் வச்சிருக்காங்க."

அவள் என்னையும், தன் தம்பி காளியப்பனின் வேட்டியையும், தன் புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான்தான் மங்கம்மா" என்றாள்.

மறுநாள் காலை காளியப்பனுக்கு முகூர்த்தம். மங்கம்மா வீட்டு வாசலில் பந்தல் கால் நட்டிருந்தார்கள். பக்கத்திலேயே, ஓடையை ஒட்டினாற்போல் கத்தரித் தோட்டம். போய்ப் பார்த்தேன். இலைக்கு இலை பழுப்புப் புள்ளி. அடி இலைகள் மஞ்சளித்து விழுந்து கிடந்தன. மங்கம்மா பின்னால் வந்து நின்றாள்.

"சாமை வெதைக்கிற நெலம் இது" என்றாள். "கத்தரி போடலாம்னு நாந்தான் அடம் புடிச்சேன். எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. ஆனா பங்காளிங்க எல்லாம் நாளைக்குக் கல்யாணத்துக்கு வருவாங்க. இத்தத் தாண்டித்தான் பந்தலுக்கு வரணும். இன்னா பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். உன் மருந்து வரும் வரும்னு உக்காந்துட்டிருந்தேன். அத்தத்தான் நீ பஸ்ஸுல ஊதிட்ட."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. பைக்குள் பார்த்தேன். ஒரு சிட்டிகை மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் எங்கே? காளியப்பனின் வேட்டியில். புடவைகளில். தலைகளில். நின்றபடியே அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே இது சிறந்ததா மோசமானதா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.)

"அக்கா, துணியை எல்லாம் அலசணும் இல்லீங்களா?"

"பின்னே? பச்சை வேட்டியோடவா தாலி கட்டுவான்?"

"அந்தத் தண்ணியை எனக்குக் குடுத்துடுங்க."

பொழுது சாய்வதற்குள் தெளித்தாக வேண்டும். இந்தப் பூஞ்சாணத்துக்கு வெயில் ஆகாது, சாயங்கால ஈரம்தான் பிடிக்கும். மங்கம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், ஏதோ நடக்கிறது என்பதே அவளுக்கு அப்போது போதுமாக இருந்தது. கல்யாணச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த பெரிய அண்டாவை இறக்கினாள். ஓடையிலிருந்து தண்ணீர் வந்து நிரம்பியது. காளியப்பன் வேட்டியைக் கழற்ற வேண்டும். மாற்று உடை மூட்டையோ பச்சை. என் பேண்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தக் காலத்து பெல்ஸ் பேண்ட், கால் பக்கம் இரண்டு பூசணிக்காயைப் போடலாம். நான் துண்டைக் கட்டிக்கொண்டேன். அவன் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கீழே குனிந்து பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அங்கேயும் இங்கேயும் நடக்க ஆரம்பித்தான்.

மங்கம்மா சவுக்காரக் கட்டியோடு அண்டாவை நெருங்கினாள். நான் குறுக்கே விழுந்தேன்.

"சோப்பு போடாதீங்க! செத்துடும்!"

"எது?"

"பூஞ்சாணம்!"

"அழுக்கு போவறதுக்குத்தான்யா தொவைக்கிறது. அழுக்கு சாவக்கூடாதுன்னு தொவைக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

நல்லது கெட்டது என்று பூஞ்சாணத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். இது போய் இலையில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றதற்குச் சோறு கிடைக்காமல் பண்ணும், மீறி வந்தால் சுற்றி வளைத்துத் தின்றுவிடும் என்றேன். "ஓ, எங்க பங்காளிங்க மாதிரி" என்று சவுக்காரத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளே எல்லோரையும் அதட்ட ஆரம்பித்தாள். ஓடையில் தலை முழுகப் போன பெண்களைத் திருப்பிக் கூட்டிவந்து, "எல்லாம் அண்டாவுல முக்குங்கடி தலைய!" என்றாள்.

அடுத்த ஆபத்து மஞ்சள். புதுத் துணி என்றால் மூலைக்கு மூலை மஞ்சள் தடவியிருப்பார்கள் அல்லவா? மஞ்சள் என்றாலே பூஞ்சாணத்துக்கு எதிரி. நல்லது கெட்டது என்று அது பார்க்காது, எல்லாவற்றையும் ஒடுக்கிவிடும். எனவே வேட்டியின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதியை மட்டும் அண்டாவில் இறக்கி ஏற்றினோம். மறுபடி மூடுபனி வந்து சூழ்ந்துகொண்டது. எதிரே பிடித்திருந்தவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளையில் நான்கு கைகள் மட்டும். நடுவில் ஒரு வேட்டி தொட்டில் போலத் தாழ்ந்து உயர்ந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாயிற்று. நான் மறுபடி எங்கோ போகத் தொடங்கியிருந்தேன். "தம்பி, மூலைய விட்டுடாத" என்ற மங்கம்மாவின் குரல் திருப்பிக் கொண்டுவந்தது.

கைத்தெளிப்பானில் ஊற்றினால், துணி நூலும் தலைமுடியும் போய் அடைத்துக்கொண்டது. குத்திப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், நடக்கவில்லை. பந்தலில் கட்ட மாவிலைக் கொத்துகள் கிடந்தன. ஆளுக்கு ஒன்று எடுத்தோம். குடத்தில் பச்சைத் தண்ணீர், கையில் மாவிலை. செடி செடியாகத் தெளித்துக்கொண்டே போனோம்.

அந்த நேரம் பார்த்து மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் கல்யாண வீட்டார் வரிசையாக மாவிலையால் நீர் தெளிப்பதைப் பார்த்தார்கள். முன்னால் துண்டு கட்டிய ஒரு ஆள், முகமெல்லாம் பச்சை. இது ஏதோ சடங்கு, நாம் தாமதமாக வந்துவிட்டோம் என்று பதறிப்போய், பையைக் கீழே வைக்காமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. அடி தெளிப்புக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அடிக்கு ஒரு செடி. மூடுபனியில் மேளம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மலையே அடித்துக்கொள்வது போல இருந்தது. கால்கள் தானாக ஒரு தாளத்தில் நடந்தன. நான் கொஞ்சம் ஆடினேன் என்று பிறகு சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வரிசைக் கடைசியில் மூடுபனி விலகியது. அங்கே குடையோடு மேடம் நின்றிருந்தார்.

மறுநாள் வரவேண்டியவர். ஜமுனாமரத்தூரில் தங்குவதற்காக முன்னாலேயே வந்து, மேளச் சத்தம் கேட்டு ஜீப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்கும் தைரியம் எனக்கு ஓய்வுபெறும் வரை வரவில்லை. மேளம் நின்றது. இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டேன். கையிலிருந்த மாவிலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவர் கத்தவில்லை. என்னையும், பச்சைத் தலைகளையும், அண்டாவையும், பெல்ஸ் பேண்ட்டில் உலாவும் மாப்பிள்ளையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, ஆய்வுக்கூடத்தில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"தணிகாசலம், என்ன அளவுல கலந்தீங்க?"

தலைக்குள் எல்லாம் காலி. மூடுபனி அங்கேயும் புகுந்திருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அண்டாவுக்கு ஒரு வேட்டி, மேடம்."

அவர் அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"சோப்பு?"

"போடல மேடம்."

"மஞ்சள்?"

"மூலையைப் பிடிச்சுக்கிட்டோம் மேடம்."

"ம்" என்றார். குனிந்து ஒரு இலையைத் திருப்பி, கைலென்ஸ் வைத்துப் பார்த்தார். ஈரத்தில் பச்சைத் துகள்கள் ஒட்டியிருந்தன. பிறகு நிமிர்ந்து, "தெளிக்காம விட்ட வரிசை எது?" என்றார்.

நான் மங்கம்மாவைப் பார்த்தேன். மங்கம்மா பெருமையாக முன்னால் வந்தாள்.

"எல்லாத்துக்கும் தெளிச்சாச்சும்மா. இந்தத் தம்பி பாதிய விட்டுடணும்னுது. எனக்கு மனசு வரல. எல்லாம் நான் நட்ட செடிங்க. ஒண்ணுக்குக் குடுத்துட்டு ஒண்ண வாயப் பாத்துட்டு நிக்க வுடலாமா, நீங்களே சொல்லுங்க?"

ஒப்பிட வரிசை இல்லாவிட்டால் பரிசோதனையே இல்லை. செடிகள் பிழைத்தாலும் பூஞ்சாணத்தால் பிழைத்தன என்று சொல்ல முடியாது, செத்தாலும் அப்படித்தான். அந்த ஒரு சாயங்காலத்தில் எங்கள் பருவம் முழுவதும் கரைந்து கத்தரி வேருக்குள் போய்விட்டது. மேடம் குடையை மடக்கினார்.

"சரி" என்றார்.

அந்தச் "சரி" இருக்கிறதே, அதற்கு அவர் என்னை ஓடையில் பிடித்துத் தள்ளியிருக்கலாம். துண்டோடு மண்ணுக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் கல்யாணத்துக்கு மேடத்தையும் இருத்திவிட்டார்கள். பங்காளிகள் வந்தார்கள். கத்தரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. காளியப்பன்தான் காரணம். துவைத்துக் காய்ந்த வேட்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். என் பேண்ட்டில்தான் மணையில் உட்கார்ந்தான். தாலி கட்டுகிற வரையில் மணமகள் தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அந்தக் கால் அகலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். அந்த வேட்டியில், மஞ்சள் மூலையோடு, நான் ஊர் திரும்பினேன்.

கத்தரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தேறியது. புதிதாக விட்ட இலைகளில் புள்ளி குறைவு. பூத்தது, காய்த்தது, மங்கம்மா சந்தைக்குக் கொண்டுபோனாள். பூஞ்சாணம் காப்பாற்றியதா, அந்த வாரமே மழை விட்டு வெயில் வந்ததால் தேறியதா என்பது யாருக்கும் தெரியாது. ஒப்பிட ஒரு செடியாவது விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த பருவம் ஒழுங்காக எடை போட்டு, வடிகட்டி, தெளிப்பானில் தெளித்து, பாதி வரிசைக்கு நானே காவல் நின்றேன். ஓரளவு பலன் இருந்தது. ஆனால் மங்கம்மாவுக்குத் திருப்தி இல்லை. "இதுல இன்னா இருக்குது, வெறும் தண்ணி. கல்யாண வேட்டி அலசினதுதான் மருந்து" என்று மலை முழுக்கச் சொல்லிவிட்டாள். பல வருஷம் கழித்தும் ஜமுனாமரத்தூர் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் என்னை நிறுத்தி, "சார், பழைய மாப்ள வேட்டின்னா வேல செய்யுங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

என் வேலையை மேடம் நீட்டித்தார். ஏன் என்று சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, பந்தியில் என் புது மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவான குரலில் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் இலையில் இருந்த பாயசத்தில் முகத்தைக் கவிழ்த்ததைப் பார்த்தபோதே, இனி நம் கதி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அளவு தெரியாத எதற்கும் அளவு வேட்டிதான். சாம்பாருக்கு எவ்வளவு பெருங்காயம்? ஒரு வேட்டி. வண்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது? கால் வேட்டி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லி முட்டி போட்டிருக்கிறார்கள். போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தோம். இளம் டாக்டர், பொறுமையானவர். "சாப்பாட்டுல உப்பு எவ்வளவு சேர்த்துக்கறீங்க சார்?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்.

"ஒரு வேட்டி, டாக்டர்."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் பார்த்தார். வயதானவர்களிடம் ஏன் வாக்குவாதம் என்று நினைத்தாரோ என்னவோ, சீட்டில் குனிந்து எழுதத் தொடங்கினார்.

"அரை வேட்டியாக் குறைச்சுக்குங்க" என்றார்.